காலி செய்த வீட்டுக்கு வந்த பால்காரர்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சென்ற மாதம் எழுதியிருந்தேன். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் 12 பழைய மடிக்கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ். உள்ளிருக்கும் வைஃபை பழுதாகிவிட்டதால் யுஎஸ்பி டாங்கிள் செருகி ஓட்டுகிறோம். டாங்கிளைப் பிடுங்கினால் பத்துக்கு இரண்டு மூன்று தடவை கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. நீங்கள் சொன்னபடி 'ஸ்லப் டீபக்' என்ற நினைவகச் சோதனை விருப்பத்தைப் போட்டு பூட் செய்தேன். இப்போது பத்துக்குப் பத்தும் உறைகிறது! திரையைப் படம் எடுத்து, டாங்கிளை இயக்கும் நிரலான டிரைவரின் மூலநிரலோடு அனுப்பியிருக்கிறேன். உள்ளதையும் கெடுத்துக்கொண்டேனா?
(கணினி ஆய்வகப் பொறுப்பாளர், தென்காசி)

பதில்: கெடுக்கவில்லை, இப்போதுதான் உருப்பட ஆரம்பித்திருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் வந்து போகும் காய்ச்சலைவிட, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டாண் என்று வரும் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம். நான் சொன்ன அந்த பூட் விருப்பம் செய்தது அதைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, ஒரு நினைவகத் துண்டை ஒரு டிரைவருக்குக் கொடுக்கிறது. டிரைவர் வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறது. திருப்பித் தந்த பிறகும் பழைய எழுத்துக்கள் அங்கேயே அழியாமல் கிடக்கும், வேறு யாராவது குடிவரும் வரை. அதனால் டிரைவர் தவறுதலாக மறுபடி அந்த இடத்தைப் படித்தாலும் பெரும்பாலும் பழைய சரியான எண்ணே கிடைத்துவிடும். உங்களுக்குப் பத்தில் ஏழு தடவை ஒன்றும் ஆகாமல் தப்பித்தது இப்படித்தான். ஸ்லப் டீபக்கில் 'பி' (P) என்ற எழுத்தைப் போட்டால், திருப்பித் தந்த துண்டைக் கடைசி பைட் தவிர முழுவதும் கெர்னல் ஒரே எழுத்தால் நிரப்பிவிடுகிறது: பதினறும எண்ணில் (9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை போகும் 16 அடிப்படை எண்முறை) 6பி (6b). வீட்டைக் காலி செய்ததும் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிடுவதுபோல. இனி அங்கே போய்ப் படிக்கிறவர்கள் கையில் சுண்ணாம்பு ஒட்டும். (6பி என்பது ஆங்கிலச் சிறிய எழுத்து 'கே'. சில பிழைச் செய்திகளில் வரிசையாக 'கேகேகேகே' என்று வரும். முதன்முதலில் பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.)

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். முதல் வரி, 'ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்'. அதே வரியில் ஒரு முகவரி: 6பி6பி6பி6பி6பி6பி6பி83. கடைசி இரண்டு இடத்தில் மட்டும் 6பி இல்லை, 83. அது ஏன்? 83-இலிருந்து 6பி-ஐக் கழியுங்கள். பதினறுமத்தில் 18, நம் கணக்கில் 24. அதாவது, டிரைவர் தான் திருப்பிக் கொடுத்துவிட்ட துண்டிலிருந்து ஒரு பாயின்டரை (வேறோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் எண்) எடுத்திருக்கிறது. கிடைத்தது வெறும் சுண்ணாம்பு. அதை உண்மையான முகவரி என்று நம்பி, அங்கிருந்து 24 பைட் தள்ளியிருக்கும் ஒரு புலத்தைப் படிக்கப் போயிருக்கிறது. அப்படி ஒரு முகவரி 64 பிட் செயலியில் இருக்கவே முடியாது. செயலி கையை விரித்துவிட்டது.

இந்த ஒரு கழித்தல் கணக்கிலேயே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முகவரி வெறும் 38 என்பதுபோலச் சின்ன எண்ணாக வந்திருந்தால் கதையே வேறு. பாயின்டரில் ஒன்றுமே இல்லை, பூஜ்யம். அதிலிருந்து 38 தள்ளிப் படிக்கப் போனது என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் தொடங்க மறந்தது, 6பி என்றால் முடிக்கத் தெரியாதது.

அடுத்து 'டெயின்டட்' (கறைபட்டது) என்று ஒரு சொல், பக்கத்தில் ஓ, இ என்ற எழுத்துக்கள். ஓ என்றால் கெர்னலோடு வராத, வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றிய டிரைவர். இ என்றால் கையொப்பம் இல்லாதது. டபிள்யூ என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இருந்திருந்தால் இதற்கு முன்பே கெர்னல் ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது இந்தப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த முதல் எச்சரிக்கையைத்தான் தேடச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அழைப்பு வரிசை. இதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழே 'ரன்_டைமர்_சாஃப்ட்ஐஆர்க்யூ', அதற்கு மேலே 'கால்_டைமர்_எஃப்என்', அதற்கும் மேலே உங்கள் டிரைவரின் சொந்தச் செயற்கூறு ஒன்று. ஆக, டாங்கிளைப் பிடுங்கியபோது ஓடும் பகுதி நேரடியாகச் சாகவில்லை. ஒரு டைமர் அடித்திருக்கிறது, அது கூப்பிட்ட வேலைதான் செத்திருக்கிறது. செயற்கூற்றின் பெயருக்குப் பக்கத்தில் 'கூட்டல் 0எக்ஸ்48, சாய்கோடு, 0எக்ஸ்120' என்று இருக்கிறதே, அது அந்தச் செயற்கூறு மொத்தம் 288 பைட் நீளம், அதில் 72-ஆவது பைட்டில் விழுந்தது என்பதற்கான அடையாளம். கெர்னல் மூலநிரலின் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் 'எஃப்ஏடிடிஆர்2லைன்' என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. டீபக் தகவலோடு தொகுத்த டிரைவர் கோப்பையும் (மாட்யூல்) இந்தப் பெயரையும் எண்ணையும் அதனிடம் கொடுத்தால், மூலநிரலில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும்.

படத்தின் கடைசி வரியில் 'ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்' என்று வருவதும் இதனால்தான். இதே தவறு ஒரு சாதாரண நிரலுக்காக ஓடும்போது நடந்திருந்தால், கெர்னல் அந்த நிரலை மட்டும் கொன்றுவிட்டு நொண்டிக்கொண்டாவது நடந்திருக்கும். டைமர் ஓடுவது குறுக்கீட்டு நேரத்தில். அங்கே கொல்வதற்கு என்று தனியாக ஓர் ஆள் இல்லை. எனவே மொத்தமாக நிறுத்திவிட்டது.

சரி, மூலநிரலைத் திறந்து பார்த்தேன். டாங்கிளைப் பிடுங்கியதும் ஓடும் செயற்கூறு மூன்று காரியம் செய்கிறது. முதலில் அக்கம்பக்கத்து வைஃபை நிலையங்களின் பட்டியலை வைத்திருந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பிறகு பாதியில் நிற்கும் யுஎஸ்பி கோரிக்கைகள் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் டைமரை நிறுத்துகிறது. அந்த டைமரோ விநாடிக்குப் பத்து முறை அடித்து, அதே பட்டியலைப் படிக்கிற டைமர்.

வீட்டைக் காலி செய்து சாவியையும் கொடுத்தாயிற்று. பால்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுகிறார்.

தீர்வு என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்: டைமரை நிறுத்தும் வரியை மேலே கொண்டுபோக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. அந்த டிரைவர் பயன்படுத்தியிருப்பது வெறும் 'டெல்_டைமர்'. அது 'நாளையிலிருந்து பால் வேண்டாம்' என்று சொல்வதோடு சரி. அவர் ஏற்கனவே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தால்? இரண்டு செயலிக் கருக்கள் இருக்கும் கணினியில், ஒரு கரு டைமரை நீக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கரு அந்த டைமர் வேலையின் நடுவில் இருக்கலாம். பெயரின் கடைசியில் 'சிங்க்' சேர்ந்த வடிவம், ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் திரும்பும். அதைப் போடுங்கள். புதிய கெர்னல்களில் இதன் பெயர் 'டைமர்_டெலீட்_சிங்க்'. கெர்னல் 6.2-இலிருந்து 'டைமர்_ஷட்டவுன்_சிங்க்' என்று இன்னும் கறாரான ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வேறு யார் கூப்பிட்டாலும் அந்த டைமர் மறுபடி கிளம்பாது.

ஓர் எச்சரிக்கை, சொந்தச் செலவில் வாங்கியது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு டிரைவரைத் திருத்தினேன். 'சிங்க்' போட்டேன், பெருமையாகச் சோதித்தேன், கணினி விழவில்லை. ஆனால் அசையவும் இல்லை. நான் ஒரு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்துக்கொண்டு டைமர் முடியட்டும் என்று காத்திருந்தேன். டைமர் வேலை அதே லாக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தது. நான் உள்ளேயிருந்து கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு பால்காரர் போகட்டும் என்று நிற்கிறேன், அவர் கதவு திறக்கட்டும் என்று வெளியே நிற்கிறார். உங்கள் டிரைவரில் அந்த இடத்தில் லாக் எதுவும் பிடித்திருக்கவில்லை, பார்த்துவிட்டேன். இருந்தாலும் வரியை நகர்த்தும்போது மேலும் கீழும் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள்.

திருத்திய பிறகு சோதிப்பதற்கு டாங்கிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகித் துளையைத் தளர்த்திவிடாதீர்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் கெர்னல் காட்டும் இடம்) அந்த யுஎஸ்பி டிரைவரின் கோப்புறைக்குள் 'அன்பைண்ட்', 'பைண்ட்' என்று இரண்டு கோப்புகள் இருக்கும். சாதனத்தின் அடையாளத்தை அவற்றில் மாற்றி மாற்றி எழுதும் நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். பிடுங்கும்போது ஓடும் அதே செயற்கூறு ஓடும். ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் கேப்ஸ் லாக் மின்னாமல் இருந்தால் ஸ்லப் டீபக்கை எடுத்துவிடலாம், அது இருக்கும்வரை கணினி மந்தமாகவே ஓடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த டாங்கிளின் சிப்புக்குக் கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர் இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வெளி டிரைவரைத் தலைமுழுகிவிடலாம். 12 கணினிக்கும் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் உட்கார்ந்து தொகுத்துக்கொண்டிருக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

கேள்வி: டிரைவரில் தவறு என்றால் பிழைச் செய்தியில் டிரைவரின் பெயர்தானே வர வேண்டும்? எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறது. ஒருமுறை கோப்பு முறைமை, ஒருமுறை 'கேமலாக்' (கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு).
(மென்பொருள் பணியாளர், ஓசூர்)

பதில்: தென்காசிக்காரர் அதிர்ஷ்டசாலி. அவருடைய டிரைவர், காலி செய்த இடத்தைப் படிக்க மட்டும் செய்தது. உங்களுடையது எழுதுகிறது என்று தோன்றுகிறது. பால்காரர் கதவைத் தட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை. புதிதாகக் குடிவந்தவர் வாசலில் வைத்திருந்த அரிசிப் பானைக்குள் பாலை ஊற்றிவிட்டுப் போனால்? பத்து நிமிடம் கழித்துப் பானையைத் திறக்கிறவர்தான் அலறுவார். பிழைச் செய்தியில் வருவது அலறியவர் பெயர்.

நான் ஒருமுறை 'கேமலாக்' என்ற பெயரை நம்பி ஒன்பது நாள் வீணாக்கியிருக்கிறேன். ரேம் மாற்றினேன், போர்டை மாற்றினேன், நினைவக ஒதுக்கீட்டு நிரலை வரிவரியாகப் படித்தேன். கடைசியில் பார்த்தால் வயர்லெஸ் டிரைவர், ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் தலைப்பில் ஒரு பைட்டை மாற்றிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தேவை 'கேசான்', நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கெர்னல் கருவி. 2015-இல் கெர்னல் 4.0-இல் வந்தது. அதை இயக்கி ஒரு கெர்னலைத் தொகுத்துக்கொள்ளுங்கள். நினைவகம் கூடுதலாகத் தின்னும், வேகம் குறையும், ஆனால் தவறு நடந்த அந்த நொடியிலேயே கையைப் பிடித்துவிடும். அதன் அறிக்கையில் மூன்று அழைப்பு வரிசைகள் இருக்கும்: இப்போது தொட்டது யார், முதலில் வாங்கியது யார், திருப்பிக் கொடுத்தது யார். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் படித்துவிட்டு ஓடுகிறார்கள். நான் மூன்றாவதிலிருந்து தொடங்குவேன்.

கேள்வி: என் மகன் வாங்கிக்கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ் 10. வைஃபையில் பேரனோடு வீடியோ பேசும்போது நீலத்திரை வருகிறது. 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று காட்டுகிறது. கடையில் ரேம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
(ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், மன்னார்குடி)

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. அடுத்த முறை நீலத்திரை வரும்போது 'வாட் ஃபெயில்ட்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதில் 'சிஸ்' என்று முடியும் கோப்புப் பெயர் வரும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டாலும் குற்றமில்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்ற கோப்புறையில் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு கோப்பு சேர்ந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் 'விண்டிபிஜி'யில் அதைத் திறந்து, ஆச்சரியக்குறி போட்டு 'அனலைஸ்', இடைவெளி விட்டு மைனஸ் 'வி' என்று அடித்தால் பெயர் வந்துவிடும். தெரிந்த பையன் யாரையாவது செய்யச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலை.

ஒவ்வொரு முறையும் அதே செய்தி, அதே கோப்பு, அதுவும் வீடியோ பேசும்போது மட்டும் என்றால் நான் ரேமைச் சந்தேகப்பட மாட்டேன். ரேம் கெட்டால் ஆள் மாற்றி ஆள் விழும். இன்றைக்கு ஒரு செய்தி, நாளைக்கு வேறு செய்தி. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' இருந்தால் அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். ரேமுக்கு நூறு வழி சோதனை இருக்கிறது, விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. சோதிக்காமல் மாற்றச் சொல்கிற கடைக்காரரிடம், சோதித்த முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வைஃபையோடு இணையாமலேயே, வெறும் காற்று வழியாக வரும் சிக்னலால் என் கணினியின் கெர்னலை ஒருவர் விழவைக்க முடியுமா? நண்பர்கள் கதை என்கிறார்கள்.
(பொறியியல் மாணவி, கோவை)

பதில்: முடியும். நடந்தும் இருக்கிறது. வைஃபை சட்டகங்களில் (காற்றில் போகும் தகவல் பொட்டலங்கள்) செய்திகள் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும்: ஒரு பைட்டில் வகை, அடுத்த பைட்டில் நீளம், அப்புறம் சரக்கு. நெட்வொர்க் பெயருக்கு 32 பைட் வரைதான் அனுமதி. ஆனால் நீளம் சொல்லும் பைட்டில் 255 வரை எழுதலாமே! ஒரு குறும்பர் 255 என்று எழுதி அனுப்பினால், டிரைவர் நீளத்தைச் சரிபார்க்காமல் 32 பைட் பெட்டிக்குள் அத்தனையையும் கொட்டினால், பெட்டிக்கு வெளியே இருப்பதெல்லாம் நாசம். 2006 நவம்பரில் விண்டோஸுக்கான பிராட்காம் வயர்லெஸ் டிரைவரில் வெளியான ஓட்டை கிட்டத்தட்ட இதுவே.

லினக்ஸும் சுத்தமில்லை. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் சோன்கே ஹூஸ்டர் கண்டுபிடித்த ஓட்டைகள் வெளியாயின. ஒன்றிரண்டல்ல, ஐந்து. தனிப்பட்ட டிரைவரில் அல்ல, பெரும்பாலான டிரைவர்கள் சாய்ந்து நிற்கும் பொது வயர்லெஸ் அடுக்கிலேயே. அருகிலிருக்கும் நெட்வொர்க்குகளைத் தேடும்போது வரும் பீக்கன் சட்டகங்களை ('நான் இங்கே இருக்கிறேன்' என்று வைஃபை நிலையம் அனுப்பும் அறிவிப்பு) கொண்டே அவற்றைத் தூண்ட முடிந்தது. கடவுச்சொல் எதுவும் வேண்டாம். உடனே திருத்திவிட்டார்கள். உங்கள் கெர்னல் அதற்குப் பிந்தையது என்றால் இந்த ஐந்துக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. நண்பர்களிடம் டீ வாங்கித்தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு விரல்கடை டாங்கிளின் டிரைவர் எதற்காகக் கெர்னலுக்குள் இருக்க வேண்டும்? வெளியே வைத்தால் அது மட்டும் சாகுமே?
(வாசகர், திருச்சி)

பதில்: நல்ல கேள்வி, பழைய கேள்வி. 1992 ஜனவரியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாமும் லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸும் இதே விஷயத்துக்காகப் பகிரங்கமாகச் சண்டை போட்டார்கள். வெளியே வைக்க வேண்டும் என்பது பேராசிரியர் கட்சி. அவருடைய மினிக்ஸ் 3-இல் செத்த டிரைவரை மறுபடி எழுப்பிவிடவே தனியாக ஒரு நிரல் உண்டு. லினஸ் கட்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. வேகமும் எளிமையும் கிடைத்தன, கூடவே தென்காசியில் கேப்ஸ் லாக்கும் மின்னுகிறது. கொள்கையில் நான் பேராசிரியர் பக்கம். நடைமுறையில் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பது லினக்ஸில்.

கேள்வி: கேப்ஸ் லாக் விளக்கு மின்னுவது ஏன்? என் கணினி உறைந்தபோது மின்னவில்லையே?
(வாசகர், விருதுநகர்)

பதில்: திரையில் எழுத முடியாமல் போனாலும் ஆள் விழுந்தது தெரியட்டும் என்று கெர்னல் காட்டும் கடைசி சைகை அது. பழைய பிஎஸ்/2 வகைத் தட்டச்சுப் பலகைகளில்தான் வேலை செய்யும். பல மடிக்கணினிகளின் உள்பலகை அந்த வகை. உங்களுடையது யுஎஸ்பி பலகையாக இருக்கலாம்.

கேள்வி: என் வைஃபை டிரைவர் விழும்போது வரும் பிழைச் செய்தி, படம் எடுப்பதற்குள் திரையை விட்டு ஓடிவிடுகிறது. 'நெட்கன்சோல்' மூலம் இன்னொரு கணினிக்கு அனுப்பலாம் என்று படித்து, வைஃபை வழியாக அமைத்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. என்ன தவறு?
(பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, வைஃபை டிரைவர் செத்த சேதியை அந்த வைஃபை டிரைவரிடமே கொடுத்தனுப்பப் பார்த்திருக்கிறீர்கள். நெட்கன்சோல் வைஃபையில் ஓடாது; ஈதர்நெட் கேபிள் வேண்டும். மறுமுனைக் கணினியில் யுடிபி 6666-ஆம் போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருக்கச் செய்யுங்கள், அதுதான் அதன் வழக்கமான போர்ட். இந்தப் பக்கம் 'டிமெஸ்க் மைனஸ் என் 8' கொடுத்து எல்லாச் செய்தியும் வெளியே வரும்படி வையுங்கள்.

மடிக்கணினியில் ஈதர்நெட் துளையே இல்லையா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத்திரைக்குப் போய்விட்டுப் பிறகு விழவையுங்கள். வரைகலைத் திரையில் இருந்தால் பெரும்பாலும் செய்தியே தெரியாது. படம் எடுக்காதீர்கள், கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, முதல் பிழைச் செய்தி எது என்று பார்த்து, அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.